ஐஸ் வைத்தும் அடங்காத வலி

இரண்டு வருடங்களுக்கு முன், மழை விட்டு வெயில் காய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூலக்குளத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்த என் மகள் பள்ளி அணியில் கால்பந்து ஆடுபவள். அன்று காலை மேட்ச்சில், பந்துக்குப் பாய்ந்த எதிரணிப் பெண்ணின் உதை இவள் முழங்காலுக்குக் கீழே பலமாக விழுந்துவிட்டது. காலில் அடி தாங்கும் கார்டு போட்டிருந்தும் நல்ல அடி. தோழியின் ஸ்கூட்டியில் வந்து இறங்கி, நொண்டிக்கொண்டே மாடியேறினாள்.

எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். சுளுக்கு, வீக்கம், சிராய்ப்பு என்று ஏதாவது ஒன்றோடுதான் அவள் வீடு திரும்புவாள். அதனால் ஃப்ரீசரில் ஐஸும் அலமாரியில் கிரேப் பேண்டேஜும் எப்போதும் தயாராக இருக்கும். தெருவில் யார் பிள்ளை விழுந்தாலும் என்னிடம்தான் யோசனை கேட்பார்கள். அன்றும் ஐஸைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுத்தேன். கட்டுப் போட்டு, காலைத் தலையணை மேல் தூக்கி வைத்தேன். வலி மாத்திரை ஒன்று கொடுத்து, "சாயந்தரம் நடந்துடுவே" என்று சொல்லிவிட்டுச் சமைக்கப் போனேன்.

மதியம் அவள் சாப்பிடவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கிட்டே போய்ப் பார்த்தால் கண்ணில் தண்ணீர். கை மணிக்கட்டு உடைந்தபோதுகூட அழாதவள் அவள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"ஏறிக்கிட்டே போவுதும்மா."

கட்டு இறுக்கமாக இருக்கும் என்று நினைத்து உடனே அவிழ்த்தேன். அவிழ்த்தால் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. பெரிய வீக்கம்கூட இல்லை. ஆனால் தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்திருந்தது. தொட்டால் சதை மாதிரியே இல்லை, கட்டையைத் தொடுவது போல இருந்தது.

வேலை விஷயமாகச் சென்னை போயிருந்த கணவருக்கு போன் செய்தேன். "நடந்துதானே வந்தா? எலும்பு உடைஞ்சிருந்தா நடக்க முடியுமா? ரத்தக்கட்டா இருக்கும். காலையில நான் வந்துடறேன், பாத்துக்கலாம்" என்றார். அவர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. அடுத்து போனில் பேசிய என் அக்கா, "சூடா எண்ணெய் தேச்சு நீவி விடு" என்றாள். எண்ணெயைக்கூடச் சூடாக்கிவிட்டேன். நீவப் போகும்முன், வலி எங்கே என்று பார்க்க, கால் கட்டைவிரலைப் பிடித்து லேசாக மேலே மடக்கினேன். அலறினாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பயந்துபோய் விரலிடுக்கை மெதுவாகத் தடவிக்கொடுத்தேன்.

"அம்மா, தொடுறியா? எனக்குத் தெரியலையே."

இவ்வளவு வலிக்கிற காலில் தொடுவது எப்படித் தெரியாமல் போகும்? நான் கற்று வைத்திருந்த எதிலும் இதற்குப் பதில் இல்லை. காலை வரை காத்திருக்கக் கூடாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

ஆட்டோவுக்கு மாற்றி மாற்றி போன் செய்தேன். ஞாயிறு என்பதால் எல்லா ஆட்டோவும் பீச் பக்கம் சவாரியில் இருந்தது. கீழே குடியிருந்த வீட்டுக்காரரிடம் கார் இருந்தது. ஆனால் அதன் கண்ணாடியை என் மகளின் பந்துதான் உடைத்திருந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் அவர், அன்றிலிருந்து எங்களோடு பேசுவதில்லை. வீட்டைக் காலி செய்யவும் சொல்லியிருந்தார்.

அவர் கதவைத்தான் தட்டினேன். லுங்கியோடு வந்து நின்றார்.

"சார், பொண்ணுக்குக் கால் மரத்துப் போவுது. ஆஸ்பத்திரி போகணும், வண்டி கிடைக்கல."

உள்ளே போய் சாவியோடு வந்தார். மாடிக்கு வந்து, ஒரு தோளை அவர் கொடுக்க, மறு தோளை நான் கொடுத்து அவளை இறக்கினோம். படிக்குப் படி அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டவுனுக்குள் நுழைந்ததும் பீச்சுக்கு வந்த வெளியூர் கார்கள் நகராமல் நின்றன. பின் சீட்டில் மகள் என் கையை நகம் பதியப் பிடித்திருந்தாள். "அம்மா, விரலை ஆட்டவே முடியல" என்றாள். வீட்டுக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "அலே! அலே! ஓரம் போங்கப்பா, வண்டியில புள்ள துடிக்குது!" என்று பிரெஞ்சும் தமிழுமாகக் கத்தினார். ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. யார் யாரோ இறங்கி முன்னால் நின்ற வண்டிகளை ஒதுக்கிவிட்டார்கள்.

அவசரப் பிரிவில் இருந்த இளம் பெண் டாக்டர் காலை அழுத்திப் பார்த்தார், விரலை மடக்கினார். அவர் முகம் மாறியது. அடுத்த நிமிடமே யாருக்கோ போன் செய்தார். பிறகு என்னிடம், "உள்ளே ரத்தம் கசிஞ்சு, சதையைச் சுத்தியிருக்கிற உறைக்குள்ள அழுத்தம் ஏறிடுச்சும்மா. அதனால சதைக்கும் நரம்புக்கும் ரத்தம் போகல. உடனே தோலையும் உறையையும் கீறி அழுத்தத்தை எடுத்து விடணும். காத்திருந்தா சதை செத்துடும்" என்றார்.

சம்மதக் கையெழுத்துப் போடும்போது என் பெயரே எனக்கு எழுத வரவில்லை. ஆபரேஷன் முடியும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரரும் போகவில்லை. டீ வாங்கி வந்து கையில் கொடுத்தார்.

வெளியே வந்த டாக்டர் முதலில் சொன்னது, "சதை நல்லா இருக்கு. நேரத்துக்குக் கொண்டுவந்துட்டீங்க" என்பதுதான். அப்போதுதான் எனக்கு அழுகையே வந்தது. "ஐஸ் வச்சுக் கட்டுப் போட்டேன், நீவ மட்டும் இல்லை. நான் வைத்தியம் பார்த்துத் தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டேன். "சாதாரண அடிக்கு ஐஸும் ஓய்வும் சரிதான். ஆனா அதுல வலி குறையணும். ஏறினா, மரத்துப்போனா, அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்காது. நீவி விடாம இருந்தீங்களே, நல்லது" என்றார்.

காயம் ஆறி, பயிற்சி எடுத்து, அடுத்த வருடம் மறுபடியும் மைதானத்தில் இறங்கினாள். காலில் நீளத் தழும்பு இருக்கிறது. அவள் அதை மறைப்பதில்லை. இன்றும் அவள் அடிபட்டு வந்தால் நான்தான் முதலில் ஐஸ் வைக்கிறேன். ஆனால் "சாயந்தரம் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவதில்லை. வலி எப்படி இருக்கிறது என்று அவளே சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன், ஏனென்றால் அன்று என் மகளின் காலைக் காப்பாற்றியது எனக்குத் தெரிந்த வைத்தியம் அல்ல, அவள் சொன்னதை நான் நம்பியதுதான்.