இன்குபேட்டருக்குள் கருப்பசாமி

வார்டிலிருந்து போன் வந்தபோது நான் மைக்ரோஸ்கோப்பில் கருப்பசாமியின் செல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், டோனர் கருப்பசாமி இறந்துட்டாராம். பசுவந்தனையில, உளுந்துக் காட்டுல நிக்கும்போது இடி விழுந்து" என்றார் நர்ஸ்.

மறுபடி லென்ஸில் குனிந்தேன். செல்கள் உருண்டையாக, மினுமினுப்பாக இருந்தன. எல்லாமே உயிரோடு.

கருப்பசாமியின் தங்கை முத்துமாரிக்கு ரத்தப் புற்றுநோய். அண்ணனின் ஸ்டெம் செல்லை ஏற்றிய பின் நன்றாகத்தான் இருந்தாள். நோய் திரும்பி வந்ததும் அவரையே மறுபடி கூப்பிட்டோம். புற்றுநோயைத் தேடிக் கொல்லும் என்.கே. செல்களை அவர் ரத்தத்திலிருந்து பிரித்து, ஃபிளாஸ்கில் மீடியா என்ற ஊட்டத் திரவத்தை ஊற்றி, இன்குபேட்டரில் பெருக்கிக்கொண்டிருந்தோம்.

அடக்கம் நடந்த மதியம் மீடியா சிவப்பிலிருந்து மஞ்சளாகிவிட்டது. செல்கள் தின்று பெருகும்போது அப்படி மாறும். ஆனால் அத்தனை வேகமாக எதுவும் வளர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று இன்குபேட்டர் கதவை மூடிவிட்டு, அதற்கு முதுகைக் காட்டி உட்கார என்னால் முடியவில்லை.

கருப்பசாமி ஏற்கெனவே சம்மதம் கொடுத்திருந்தார். ஆனாலும் பெற்றவளைக் கேட்காமல் அந்தச் செல்களைத் தங்கைக்கு ஏற்ற டாக்டருக்கு மனம் வரவில்லை. நானும் அந்தப் பக்கத்துக் கோவில்பட்டிக்காரி என்பதால், அவர் அம்மா பேச்சியம்மாளிடம் பேசும் வேலை எனக்கு வந்தது.

"அவன் இங்கன இருக்கானாமே தாயி, பாக்கலாமா?"

லேப் கண்ணாடிக்கு வெளியே அவரை நிறுத்தி, ஃபிளாஸ்கைத் தூக்கிக் காட்டினேன்.

"இன்னும் வளருதானா?"

"வளருதும்மா."

"சூடா இருக்கானா?"

"நம்ம ஒடம்புச் சூடுதாம்மா."

"காட்டுலருந்து தூக்கயில மழையில நனைஞ்சு சில்லுனு கெடந்தான்" என்றார். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு, "ஏத்துங்க" என்றார்.

முத்துமாரிக்கு டாக்டரே எல்லாவற்றையும் சொன்னார். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "செத்தவன எனக்குள்ள விட்டுச் சண்ட போடச் சொல்லுதீங்களா? எனக்கு வேண்டாம்."

பேச்சியம்மாள் கட்டிலருகே போனார். "ஏட்டி, அவன் போக எடமில்லாம நிக்கான். நீ எடம் குடு."

முத்துமாரி கையை நீட்டினாள்.

செல்கள் இருந்த பை காலியானதும் அவளுக்குக் குளிர்நடுக்கம் வந்தது. செல் ஏற்றினால் வருவதுதான், மருந்து கொடுத்தோம். நடுக்கத்திலேயே, "அண்ணே, மெதுவா" என்றாள்.

அடுத்த மஜ்ஜைப் பரிசோதனையில் நோய் இல்லை. இப்போதும் செக்கப்புக்கு வருகிறாள். முதலில் ஏற்றிய ஸ்டெம் செல் அண்ணனுடையது என்பதால், அவள் உடம்பில் ஓடுவது முழுக்க அவர் ரத்தம். டெஸ்டில் ஆணின் ரத்தம் என்றே வருகிறது. முதல் செக்கப்பில் டியூபில் ரத்தம் எடுத்து, வெதுவெதுப்பாகக் கையில் வைத்துக்கொண்டு, லேபிளில் எந்தப் பெயரை எழுதுவது என்று ஒரு நொடி திகைத்து நின்றேன்.

"எம் பேர எழுதுங்க மேடம்" என்றாள் முத்துமாரி.

எழுதினேன். செல் யாரிடமிருந்து வந்தாலும், எதிரே பிழைத்து உட்கார்ந்திருப்பவர் பெயரைத்தான் எழுத வேண்டும். இந்த வேலையில் நான் கற்றது அது.