தலைவர் கார் தள்ளிய மேடு

சபாபதித் தலைவர் போய்விட்டார். இன்று காலை... பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டாராம்.

நண்பர்களே, இந்த வாசகசாலைப் பலகையில் நான் ஒட்டும் இந்தத் தாளுக்குப் பக்கத்திலேயே நாளைய இரங்கல் மீட்டிங் நோட்டீஸும் இருக்கிறது. “பெண்குலத்தின் விடிவெள்ளி” என்று போட்டிருக்கிறார்கள். படித்ததும் குடித்த கோப்பி எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

கப்பல் ஆபீஸில் கணக்கெழுதும் வேலை எங்களுக்கு; அவர் பெரிய கிராணி, நான் சின்னக் கிராணி. மேடையில் ஏறிய சபாபதியைத்தான் உங்களுக்குத் தெரியும். இறங்கி வீட்டுக்குப் போன சபாபதியை எனக்குத் தெரியும்.

பெண் விடுதலையைப் பற்றித் தொண்டை கட்டும்வரை பேசுவார். வீட்டில் அவர் மனைவி அகிலாண்டத்தக்கா கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேச வேண்டும். வாசற்படி தாண்டக் கூடாது.

கல்யாணமாகி ஊரிலிருந்து இந்தத் தீவுக்குக் கப்பலில் வந்தவர் அக்கா. வழியெல்லாம் கீழ்த்தட்டில் வாந்தி. இறங்கியதும் மூடிய வண்டி, அப்புறம் வீடு. நம் ஜார்ஜ் டவுனில், கடலுக்கு நடந்து போகிற தூரத்தில் குடியிருந்துகொண்டு கடலையே பார்க்காத ஒரு பெண்... விடிவெள்ளியின் வீட்டில்தான் இருந்தார்.

பிறகு தலைவர் ஒரு பழைய திறந்த மோட்டார் கார் வாங்கினார். ஓட்டத் தெரியாது. லைசென்ஸ் என்னிடம் இருந்தது.

அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாராம். கடலைப் பார்க்கணும்.

“அதுக்கென்ன தம்பி, தீவையே சுத்திக் காட்டிடுவோம்லா,” என்றார் தலைவர். எனக்கே அவர்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை காரைப் பார்க்கும் வரை.

பின்சீட்டைச் சுற்றிப் படுக்கை விரிப்புகளைக் கட்டிவைத்திருந்தார். முதுகுப் பக்கமும் விடவில்லை. ஊரில் பெரிய வீட்டுக் கூண்டு வண்டிக்குத் திரை கட்டுவார்களே, அதை மோட்டாருக்குக் கட்டிய ஒரே மனிதர் இவராகத்தான் இருப்பார்.

“என்னண்ணே இது?”

“குடும்பப் பொம்பளை தம்பி. நாலு பேரு பார்ப்பாங்கல்ல?”

அக்கா உள்ளே. தலைவர் முன்சீட்டில் என் பக்கத்தில், கோட்டும் தொப்பியுமாக, நன்றாகக் காற்று வாங்கிக்கொண்டு.

தஞ்சோங் பூங்கா தாண்டியதும் பாதை கடலை ஒட்டி வளைய ஆரம்பித்தது. கீழே பெரிய பெரிய பாறைகள், மேலே எகிறும் அலை. அவ்வளவு அழகு... தலைவர் துணியைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

“அகிலா! வலப்பக்கம் கடலு! பாறையெல்லாம் யானை யானையா நிக்குது!”

துணிக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு குரல். “என்ன நெறங்க?”

“கடல் நெறந்தான்.”

எனக்கு அருவருப்பாகிவிட்டது. இப்படியே தீவைச் சுற்றி முடித்துவிட்டால் இனி ஒருநாள் இந்த அக்காவுக்கு வாய்க்கப்போவதில்லை. அடுத்து ஒரு மேடு வந்தது. கிளட்சை மிதித்து இஞ்சினைச் சும்மா உறுமவிட்டு வண்டியை நிறுத்தினேன்.

“இழுக்கமாட்டேங்குது அண்ணே. யாராச்சும் இறங்கித் தள்ளணும்.”

கோட்டைக் கழற்றிவைத்துவிட்டுப் பின்னால் போனார். அவர் “ஏலேலோ” என்று தள்ள, நான் கிளட்சை மெல்ல விட்டு ஊர்ந்தேன்.

“அக்கா, வலப்பக்கத் துணிய விலக்குங்க. அண்ணன் பின்னால இருக்காரு, தெரியாது.”

நான் திரும்பிப் பார்க்கவில்லை. துணி நகரும் சத்தம் கேட்டது.

“பச்சை தம்பி... பாறைகிட்ட பச்சை. தள்ளிப் போகப் போக நீலம்.”

எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டினேன்.

உச்சியில் தலைவர் வேர்வை சொட்டச் சொட்ட வந்து ஏறினார். “பார்த்தியா அகிலா? நான் மட்டும் இல்லேன்னா இந்த வண்டி ஏறியிருக்குமா?” பின்னால் ஒரு சிரிப்பு இருமலாக மாறியது. தீவின் மறுபக்கம் பாலிக் புலாவில் அவர் மர நிழலில் உட்கார்ந்து டுரியான் பழம் தின்றார். அக்காவுக்குத் துணிக்கு அடியில் இரண்டு சுளை போயிற்று.

மறுவாரம் இதே வாசகசாலை ஹாலில் நெஞ்சை நிமிர்த்திப் பேசினார். “என் மனைவிக்குத் தீவையே சுற்றிக் காட்டியவன் நான்!” நீங்கள் கைதட்டினீர்கள். ஜன்னல் அதிர்ந்தது.

இன்று அவர் வீட்டில் நல்ல கூட்டம். ஆளாளுக்கு அவர் பெருமையை அளந்துகொண்டிருந்தார்கள். அக்கா வாசற்படியைத் தாண்டி வெளியே வந்து, எல்லார் முன்னாலும் என்னைக் கூப்பிட்டார். அழுத முகம்தான். குரல் மட்டும் நடுங்கவில்லை.

“தம்பி, அந்தக் காரு ஓடுமா?”

“ஓடும்க்கா.”

“அந்த மேட்டுல தள்ள ஆளு வேணுமா?”

“அன்னைக்கே வேணாம்க்கா.”

“தெரியும்,” என்றார்.

போய் வாருங்கள் தலைவரே. நன்றாகத் தள்ளினீர்கள்.