ஞானஸ்நானம் கேட்டுப் போன கதை

எழுபதுகளின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது. பல்கலைக்கழகம் போகத் தமிழில் சோதனை எழுதியவன் சிங்களத்தில் எழுதியவனைவிடக் கூடுதல் புள்ளி எடுக்கவேண்டும். எனக்குக் கொஞ்சம் குறைந்துவிட்டது. மயிலிட்டியில் எங்கள் வீட்டு ஆண்கள் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கோ வள்ளத்தில் கால் வைத்தாலே குமட்டிச் சத்தி வரும். படிப்பை விட்டால் நான் எதற்கும் உதவாதவன் என்பதில் ஊரில் இரண்டு கருத்து இருக்கவில்லை.

அப்போதுதான் எனக்குத் தர்க்கம் படிப்பித்த பாதிரியார் ஒரு செய்தி சொன்னார். வெளிநாட்டுக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் எங்கள் பக்கத்து மாணவன் ஒருவனுக்கு இலவசமாக ஓர் இடம் இருக்கிறது. அவர் கடிதம் கொடுக்கவேண்டும்.

தர்க்கம் படித்தவன் என்பதால் உடனே முடிவெடுத்தேன்: ஞானஸ்நானம். அம்மாவிடம் சொன்னேன். மீன் வெட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

“நீ போடா. முருகனோடை நான் கதைக்கிறன்.”

ஒரு கிழமையில் செபங்களைப் பாடமாக்கி, பாதிரியார் முன்னால் விசுவாசப் பிரமாணத்தை ஒரே மூச்சில் ஒப்புவித்தேன்.

“எங்கடை பெடியளே இவ்வளவு வடிவாய்ச் சொல்லமாட்டாங்கள்,” என்றார். “சரி, இடம் கிடைக்காட்டியும் ஞானஸ்நானம் எடுப்பீரோ?”

பொய் சொல்லத் தெரியாதவனல்ல நான். அன்றைக்கென்று வாய் வரவில்லை.

“எங்கடை மிஷன் பள்ளிக்கூடங்களை அரசாங்கம் எடுக்கேக்கை, படிப்பைக் காட்டி ஆள் பிடிக்கிறம் எண்டு சொன்னவை. அதை நான் உண்மையாக்க ஏலாது. பல்கலைக்கழகம் எண்டால் மூளை இருக்கோ எண்டுதான் கேக்கவேணும். ஞானஸ்நானம் வேண்டாம், கடிதத்திலை உள்ளதை எழுதுறன்,” என்றார் பாதிரியார்.

எழுதினார்: சைவப் பெடியன், மகா கெட்டிக்காரன். அதற்குப் பிறகு என்னை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை. சில மாதங்களில் மிக மரியாதையான பதில் வந்தது. அந்த இடம் கத்தோலிக்கருக்கு உரியதாம்.

பாதிரியார் மனம் தளராமல், எந்த மதத்தவரும் வரலாம் என்று, பல்கலைக்கழகம் போகாமலே எடுக்கும் வெளிவாரிப் பட்டத்துக்கு மாலை வகுப்பு தொடங்கினார். என்னையும் கூப்பிட்டார். நான் போகவில்லை. கந்தோர் ஒன்றில் கிளாக்கராகி, ரோஷத்தைக் கவனமாக வளர்த்துவந்தேன்.

பல வருடம் கழித்துச் சாவகச்சேரி பஸ் நிலையத்தில் அவரைக் கண்டேன். மெலிந்திருந்தார். வகுப்புக்கு மூன்று பேர் வருகிறார்கள் என்றார். பிறகு, “அண்டைக்கு நான் தண்ணியை ஊத்தியிருந்தால் நீர் படிச்சிருப்பீர், என்ன?” என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். பொய்தான், செலவில்லாத பொய்.

“ஓம், ஃபாதர்.”

அவர் மெல்லத் தலையாட்டினார். அவருடைய பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. என்னுடையது வந்ததும் நான் ஏறிவிட்டேன்.