நீலச் சட்டை

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் அருகே, ஜெயித்த கால்பந்து அணியின் ரசிகர்கள் கொட்டு அடித்துக்கொண்டு போனார்கள். மகளோடு நின்றிருந்த நான் அவளை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

என் எட்டு வயதில் பார்த்த ஓர் ஆட்டம் நினைவுக்கு வந்தது. நைனார்பாளையத்தில் எங்கள் தெருவே பச்சைச் சட்டை அணியின் பக்கம். அப்பா எனக்கும் ஒரு பச்சைச் சட்டை தைத்துப் போட்டு, வெளியூருக்கு இறுதி ஆட்டம் பார்க்கக் கூட்டிப்போனார். நாங்கள் ஜெயித்ததும் கற்கள் வந்து விழுந்தன. கூட்டம் சிதறி ஓடியதில் அப்பாவைத் தவறவிட்டேன். சுற்றிலும் எதிரணியின் நீலச் சட்டைகள்.

புடவைக்கு மேல் நீலச் சட்டை போட்டிருந்த ஒரு அக்கா என்னைச் சுவரோரம் இழுத்தாள்.

"பச்சைய பார்த்தா அடிப்பானுங்க. இத்த மேல போட்டுக்கோ பாப்பா."

தன் சட்டையைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டாள்.

என் பெயரைக் கத்திக்கொண்டே அப்பா ஓடி வந்தார். பச்சையைத் தேடிய அவர் கண் என்னைத் தாண்டிப் போனது. கூப்பிடக் குரல் வராமல் அவரை நோக்கிக் கையைக் காட்டினேன்.

அக்காதான் கத்தினாள். "அண்ணே, உங்க பொண்ணு இங்க கீது பாருங்க!"

என்னைத் தூக்கியபோது அப்பாவின் உடம்பு நடுங்கியது. அவரும் பயப்படுவார் என்பது அன்றுதான் தெரிந்தது.

"நாமளும் அவங்ககூட போலாமாம்மா?" என்று கொட்டு அடித்துப் போகிறவர்களைக் காட்டி இப்போது கேட்டாள் மகள்.

'போலாம்' என்று சொல்லி, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.