கை நனைக்க ஓர் இடம்

கைபேசியில் ஓட்டல்களுக்கு நட்சத்திரம் போட்டு வைத்திருக்கிறார்கள். ருசிக்கு இத்தனை, இடத்துக்கு இத்தனை, வண்டி நிறுத்தும் வசதிக்கு இத்தனை. அந்த ஆவணி முழுக்கக் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே வரப்பில் உட்கார்ந்து அவற்றைப் படித்தேன். எனக்குத் தேவையான ஒரே சங்கதியை எவரும் எழுதியிருக்கவில்லை. இந்த ஓட்டலில் என் அண்ணன் சாப்பிடுவாரா?

என் மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். உடன் வேலை பார்க்கும் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையனுக்கு ரிஷிவந்தியம் பக்கத்தில் ஊர். ஊர் என்றால் ஊர் அல்ல, காலனி. அப்பா இல்லை. அம்மா கூலி வேலைக்குப் போய்ப் படிக்க வைத்திருக்கிறார். நாங்கள் கச்சிராயபாளையத்துக்கு அருகே சொந்தக் கொல்லையில் கரும்பு போடுகிறவர்கள். இதற்கு மேல் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படாது. எங்கள் வீட்டிலும் அந்த ஒரு வார்த்தையை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லாமலே அது கூடத்தில் எங்களோடு உட்கார்ந்திருந்தது.

என் மனைவிக்குச் சம்மதம். அவளுக்குச் சம்மதம் என்று தெரிந்த பிறகு எனக்கும் சம்மதம். ஆனால் குடும்பத்தில் பெரியவர் அண்ணன். அப்பா போனபின் என்னை ஆளாக்கியவர். பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும் அவர் சொல்தான். அவர் வந்தால் கல்யாணம் கல்யாணமாக நடக்கும். வராவிட்டால் பதிவு அலுவலகத்தில் நாலு கையெழுத்து, பிறகு ஆயுசு முழுக்க அவர் வாசலைப் பார்க்காமல் தாண்டிப் போவது. அதைவிட மோசமாகவும் எங்கள் பக்கத்தில் நடந்திருக்கிறது. பேப்பர் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

மகள் போனில் சொன்னாள்: "பெரியப்பா வரலன்னாலும் நான் பண்ணிக்குவன்பா. ஆனா அவரு வரணும்." திருக்கோவிலூர் ஆற்றுத் திருவிழாவை அவர் தோளில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவள்.

அண்ணன் முடியாது என்று சொல்லவில்லை. மாட்டுக் கொட்டகையில் நின்றபடி, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அவுங்க வூட்ல நான் கை நனைக்க மாட்டன். அவுங்க இங்க வரதும் இப்ப வாணாம். ஓட்டல்னா வரன். பார்க்கலாம்."

சம்பந்தம் பேசுகிற இடத்தில், மனசு ஒப்பாதவரை எங்கள் ஆட்கள் சாப்பிடமாட்டார்கள். எவ்வளவு வற்புறுத்தினாலும் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். கை நனைத்துச் சாப்பிட்டுவிட்டால் சரி என்று சொன்ன மாதிரி. ஆகவே என் மகளின் கல்யாணம் இப்போது ஒரு சாப்பாட்டில் வந்து நின்றது. அந்தச் சாப்பாட்டுக்கு இடம் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் சாவு வீட்டிலும் சிரிப்பு மூட்டுகிறவன் என்று பெயர் எடுத்தவன். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அந்த மாதம் நான் வழக்கத்தைவிட ஜாஸ்தி வேடிக்கையாகப் பேசினேன் என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்கு எதிரே இருக்கும் பிரியாணிக் கடையை முதலில் தள்ளினேன். அங்கே ஒரு மேசையில் அமர்ந்தால் பக்கத்து மேசையில் கட்டாயம் ஒரு பங்காளி எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பான். சைவச் சாப்பாட்டுக் கடையில் வாசலில் ஆட்கள் காத்து நிற்பார்கள்; அண்ணன் யோசிக்கும் நேரத்துக்குள் இலையை எடுத்துவிடுவார்கள். சேலம் போகும் சாலையில் புதிதாக வந்திருந்த ஏசி ஓட்டலுக்கு நானே போய்ப் பார்த்தேன். வெளிச்சம் அதிகம். ரோட்டில் போகிறவனுக்குக் கண்ணாடி வழியாக நம் தட்டில் இருக்கும் குழம்பின் நிறம்கூடத் தெரிந்தது. பார்க்கப் போகிற இடத்தில் எல்லாம் எதையாவது சாப்பிட்டாக வேண்டுமே; கோபி மஞ்சூரியனாகத் தின்று வயிறு கெட்டுப்போனது.

மற்றவற்றுக்குப் போன் போட்டேன். ஒரு பெண் எடுத்து எத்தனை பேர் என்று கேட்டாள்.

"ஆறு பேரும்மா. மேசை எவ்ளோ அகலம்?"

"நல்ல பெருசு சார். ஏன் சார்?"

"ரெண்டு பேருக்கு நடுவுல கொஞ்சம் எடம் வேணும்."

"சண்டைங்களா சார்?"

"இன்னும் இல்லம்மா," என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்துவிட்டுப் போனை வைத்தேன்.

என் மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "இன்னாங்க, மாப்ள பாக்க வேண்டியவரு ஓட்டல் பாத்துக்கினு இருக்கீங்க. எடம் புடிச்சிருக்குதா, இல்ல ஜாதகம் பாக்கணுமா?"

கடைசியில் கல்வராயன் மலையில் ஓர் இடம் கிடைத்தது. வெள்ளிமலை தாண்டி யாரோ வெளியூர்க்காரர் தங்கும் விடுதி கட்டி, அதோடு ஒரு பெரிய சாப்பாட்டுக் கூடமும் வைத்திருந்தார். மங்கிய விளக்கு, துணி விரித்த மேசை, முன்கூட்டியே சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். படத்தைப் பார்த்ததும் எனக்கு மூச்சு வந்தது.

மனைவியிடம் காட்டினேன். "பள்ளத்தாக்கு அப்படியே தெரியும்."

"நாம யாருக்கும் தெரிய மாட்டம்," என்றாள். கீரைத்தண்டை ஒடிக்கத் தொடங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கிய பெரிய வண்டியை நான் ஓட்டினேன். அண்ணன் முன் இருக்கையில், வெளுத்த வேட்டி சட்டையில்; என் மனைவி பின்னால். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் நானும் தொடங்கினேன். குரங்கைப் பற்றி, கொண்டை ஊசி வளைவைப் பற்றி, ஒரு முறை பிரேக் பிடிக்காத லாரியைப் பற்றி. அண்ணன் திரும்பாமலே சொன்னார்: "டேய். ரோட்டப் பாருடா."

மகளும் பையனும் அவன் அம்மாவும் பஸ்ஸில் வந்து எங்களுக்கு முன்பே வாசலில் நின்றிருந்தார்கள். அந்த அம்மா கஞ்சி மடிப்புக் கலையாத சேலை கட்டியிருந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டார். "அம்மா, இங்க கழட்ட வாணாம்மா," என்று பையன் மெதுவாகச் சொன்னான். அவர் கேட்கவில்லை. பின்னால் வந்த அண்ணனும் செருப்பைக் கழற்றினார். அவர் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் அப்படித்தான். கல்யாண மண்டபத்திலும் கழற்றுவார். நாங்கள் நால்வரும் செருப்போடு உள்ளே போனோம். வெளியே இரண்டு ஜோடி மட்டும் கிடந்தன.

உட்கார்ந்தோம். அண்ணனுக்கு எதிரே அந்த அம்மா. நான் தண்ணீர்க் குவளையைப் பற்றி ஏதோ சொன்னேன், யாரும் சிரிக்கவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

ஒரு பெரிய மரப்பலகை. அதன்மேல் வாழையிலை. நடுவில் சாமைச் சோறு குவியலாக, அதைச் சுற்றிக் கறி, வறுவல், கீரை, ஊறுகாய். மேசை நடுவில் வைத்தார்கள்.

"தட்டு?" என்றேன்.

"இதான் சார் தட்டு," என்றான் பரிமாற வந்தவன், பெருமையாக. "எல்லாரும் ஒண்ணா கை போட்டு சாப்புடறது. எங்க ஸ்பெஷலே இதான். கான்செப்ட் சார்."

ஒரு மாதம் அலைந்தேன். மேசை அகலம் கேட்டேன், வெளிச்சம் பார்த்தேன், கண்ணாடி பார்த்தேன். எப்படிப் பரிமாறுவீர்கள் என்று மட்டும் கேட்கவில்லை. பஸ் நிலையத்துக் கடையில்கூட ஆளுக்கு ஓர் இலை போடுவான். ஊரிலேயே உசத்தியான இடமாகத் தேடிப் பிடித்து, ஆறு பேருக்கு ஒரே இலை வாங்கிக் கொடுத்திருந்தேன்.

"தம்பி, கான்செப்ட் இல்லாத தட்டு ஒரு ஆறு இருக்குமா?" என்றேன். என் குரல் எனக்கே எங்கிருந்தோ கேட்டது. மகள் தலை குனிந்திருந்தாள். அண்ணன் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ எழப்போகிறார் என்று நினைத்தேன்.

"தட்டு வாணாங்க," என்றார் பையனின் அம்மா. வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு. அண்ணனைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்க கொல்லையில நான் கரும்பு வெட்டியிருக்கங்க. இவன் வயித்துல இருந்தப்பவும் வந்திருக்கன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வெட்டு ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பழகியவர் அல்ல. வெட்டிய கரும்புக் கட்டுகளைப் பார்த்துப் பழகியவர்.

"நீங்க வரப்பு மேல நின்னுக்கினு கூழு ஊத்துவீங்க. நாங்க கீழ உக்காந்துக்கினு குடிப்பம். உங்க வூட்டுக் கூழு எத்தினியோ வாட்டி குடிச்சாச்சி. நான் இதுல கை வெச்சா புதுசு ஒண்ணும் இல்ல." கோபமாகச் சொல்லவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரி சொன்னார். "நீங்க எடுங்க. அப்பறம் நான் எடுக்கறன்."

பையன் "அம்மா" என்றான். என் மனைவி அவன் கையைத் தொட்டு நிறுத்தினாள். எனக்கு வாய்வரைக்கும் ஒரு நகைச்சுவை வந்தது. அதை இன்றைக்கும் எவரிடமும் சொல்லவில்லை, தண்ணீரோடு விழுங்கிவிட்டேன்.

அண்ணன் எழுந்தார். மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அவர் மூலையில் இருந்த கை கழுவும் தொட்டிக்குப் போய்க் கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே வந்து, அதே நாற்காலியில் உட்கார்ந்தார். தன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சோற்றை இழுத்துக் குழம்போடு பிசைந்து வாயில் வைத்தார்.

மென்று முடித்து, "உப்பு கம்மி," என்றார்.

அந்த அம்மாவும் எடுத்து வாயில் வைத்தார். "ஆமாங்க," என்றார்.

எல்லோரும் சாப்பிட்டோம். நான் மட்டும் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. ஒன்றை மட்டும் கவனித்தேன். அண்ணன் தன் பக்கத்திலிருந்தே எடுத்தார். அந்த அம்மா தன் பக்கத்திலிருந்தே எடுத்தார். இரண்டு பக்கமும் குறையக் குறைய, நடுவில் சாமைச் சோறு நீளமாக ஒரு வரப்பு மாதிரி நின்றது. கை கழுவும்வரை அதை யாரும் தொடவில்லை. இவ்வளவுதான் நடக்கும், இதுவே பெரிது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மலையில், மங்கிய வெளிச்சத்தில், யாரும் பார்க்காத இடத்தில் கை நனைத்திருக்கிறார். ஊருக்குப் போய்ச் சாப்பிடவே இல்லை என்று சொன்னால் யார் சாட்சி? அதற்குத் தோதான இடமாகத்தானே தேடினேன்.

இறங்கும்போது மழை பிடித்துக்கொண்டதால் ஆறு பேரும் ஒரே வண்டியில் வந்தோம். கச்சிராயபாளையம் நெருங்கியதும் பின்னாலிருந்து அந்த அம்மா சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுக்கு முன்னாடியே நிறுத்துங்க. நான் எறங்கி நடந்துக்கறன்." எங்களோடு அவரை யாரும் பார்க்க வேண்டாம் என்பதை நாசூக்காகச் சொன்னார். நானும் வேகத்தைக் குறைத்தேன்.

"ஸ்டாண்டுக்கே வுடுடா," என்றார் அண்ணன். பஸ் நிலையத்தில் எங்களுக்குப் பழக்கமான டீக்கடை எதிரே வந்ததும், "நிறுத்து. டீ குடிக்கலாம்."

மழை விட்டிருந்தது. கடையில் நாலைந்து பேர், எல்லோரும் எங்களைத் தெரிந்தவர்கள். அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்து ஆறு டீ சொன்னார், தனக்குச் சர்க்கரை வேண்டாம் என்றார்.

கடைக்காரர் ஆற்றிக்கொண்டே கேட்டார்: "இன்னாணா, குடும்பத்தோட மலைக்கா? இவுங்க ஆரு, புதுசா இருக்குது?"

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் முந்திக்கொண்டார்.

"பொண்ணு குடுக்கற எடம்."

"அப்படிங்களா! எந்த ஊருங்க?"

"ரிஷிவந்தியம் பக்கம்."

கடைக்காரர் அந்த அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். "ஊர்லயா, இல்ல..." என்று இழுத்தார். எங்கள் பக்கத்தில் இதைத்தான் கேட்க வேண்டும் என்றால் இப்படித்தான் கேட்பார்கள்.

"காலனி," என்றார் அண்ணன். "டீயப் போடு."

ஆற்றிய கை அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கினார். பிறகு டீ மறுபடி குவளைக்குள் இறங்கத் தொடங்கியது. நாங்கள் வீடு போய்ச் சேருவதற்குள் சேதி எங்களுக்கு முன்னால் போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்குப் பங்காளிகள் வருவார்கள். யார் யார், என்னென்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். அண்ணனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

அவர் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டு உட்கார்ந்தார். அந்த அம்மா நின்றுகொண்டே இருந்தார். என் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள்.

அப்போது அவர்கள் போக வேண்டிய கள்ளக்குறிச்சி பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். "அம்மா, பஸ்ஸு," என்றான் பையன்.

அவர் கண்ணாடி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார்.

"போவட்டும்," என்றார். "பின்னாலயே ஒண்ணு வரும்."