விண்நடைக்கு முந்தைய நாள்

நவம்பர் 14, வியாழன். ஆறு மணிக்கு எழுந்தேன். சீனி போடாத தேநீர், இரண்டு துண்டு பாண். ரயில் வழக்கம்போல் தாமதம். கட்டுப்பாட்டு மையத்தில் மனித விண்பயண இயக்கப் பிரிவுக்கு நான் பொறுப்பு. எங்கள் விண்வெளி வீரர் மறுநாள் விண் நிலையத்துக்கு வெளியே போய் வேலை செய்ய வேண்டும். காலைக் கூட்டம் முழுவதும் அந்த விண்நடையைப் பற்றியே நடந்தது.

மதியம் அவருடைய மனைவி அழைத்தார். வீரரின் தகப்பன் காலையில் இறந்துவிட்டார். "நாளை வேலை முடியும்வரை சொல்லாதீர்கள். எத்தனை வருடம் இதற்காகக் காத்திருந்தார்!" என்று அழுதார்.

கெட்ட செய்தி வந்தால் எப்போது சொல்ல வேண்டும் என்று புறப்படுமுன்பே ஒவ்வொரு வீரரிடமும் கேட்டு வைப்போம். "அன்றைக்கே" என்று அவர் என்னிடம் சொல்லியிருந்தார். சொன்னால் விண்நடை தள்ளிப்போகும். அடுத்த தடவை அவருக்கே வாய்ப்பு வரும் என்பதற்கு நிச்சயமில்லை.

வுப்பர்டால் நகரில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, ஆளைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? வேலை முடியட்டும், பிறகு சொல்லுறதுதானே."

"அப்பாவின்ர விசயத்திலயும் அப்பிடித்தானே செய்தனீங்கள்."

"ஓம், செய்தனாங்கள். அண்டைக்குச் சொல்லியிருந்தா நீ சோதனை எழுதியிருப்பியே?"

"எழுதியிருக்க மாட்டன்."

"பிறகென்ன? அந்தப் பெரிய கதிரையில இருந்துகொண்டு என்னோட வழக்குப் பேசுறாய். வை, சோறு அடிப்பிடிக்குது."

அக்கா சொன்னதில் பிழை இல்லை. யாழ்ப்பாணத்தில் அப்பாவை எரித்த அன்று, சோதனை முடிந்த சந்தோஷத்தில் இங்கே நான் சிநேகிதிகளோடு கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்தச் சோதனைதான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது.

வீரரின் மனைவியை அழைத்தேன். "இன்று மாலை நீங்கள் சொல்கிறீர்களா, எங்கள் மருத்துவர் சொல்லட்டுமா?"

"நானே சொல்கிறேன். ஆனால் இதை நான் மறக்க மாட்டேன்" என்றார்.

மாலையில் அவர்களுக்குத் தனி இணைப்பைக் கொடுத்துவிட்டு, எங்கள் அறையில் படத்தையும் ஒலியையும் நிறுத்தினோம். அவர்கள் பேசி முடித்ததும் ஒலியைத் திரும்பப் போட்டோம். வீரரின் குரல் வந்தது: "நாளை நான் போகிறேன். தயவுசெய்து தடுக்காதீர்கள்."

காலையில் சொல்வதாகப் பதில் அனுப்பச் சொன்னேன்.

நவம்பர் 15, வெள்ளி. எழுந்தவுடன் மருத்துவரை அழைத்தேன். வீரர் கண் மூடவே இல்லை என்றார். விண்நடையை நிறுத்தினேன். அதன் பிறகுதான் தேநீருக்குத் தண்ணீர் வைத்தேன்.