பூட்டாத இரண்டு பட்டிகள்

சபையாரே, இங்கே எழும்பி நிற்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது. காற்று திடீரென்று திரும்பியதால்தான் நாங்கள் விழுந்தோம் என்று நான்கு மாதமாக உங்களிடம் சொல்லி வந்தேன். அது பொய்.

எங்கள் நிலாவெளியில் உல்லாசப் பயணிகள் வராத மாதங்களில் நான் மலைநாட்டுக்குப் போய்விடுவேன். பாராகிளைடிங் சிறகில் ஆட்களை எனக்கு முன்னால் கட்டிக்கொண்டு பறப்பதுதான் வேலை. கடந்த மாசியில் என் மனைவி மெர்சியையும் கூட்டிப் போனேன். அன்று நல்ல காற்று. அது ஓய்வதற்குள் பறந்துவிட வேண்டும் என்ற அவசரம் எனக்கு.

"கால் பட்டி ரெண்டும் பூட்டினீங்களோ?" என்று மெர்சி கேட்டாள். ஆளை இருக்கையில் தாங்குவதே தொடைகளைச் சுற்றி வரும் அந்தப் பட்டிகள்தான்.

"ஓம், ஓம். எல்லாம் சரி. நீர் சரிவில ஓடும்" என்றேன். குனிந்து பார்க்கவில்லை.

கால் நிலத்தை விட்டதும் அவள் இருக்கையிலிருந்து கீழே வழுக்கினாள். நெஞ்சுப் பட்டி மட்டும் அக்குளில் இறுகி நின்றது. கீழே பள்ளத்தாக்கு. "என்னால ஏலாது!" என்று கத்தினாள். என் கால்களால் அவள் இடுப்பைக் கவ்விக்கொண்டேன். இயேசுவே, என் பிழைக்கு இவளை எடுத்துவிடாதேயும். அவ்வளவுதான் ஜெபம்.

எங்கிருந்தோ வந்த காற்று எங்களைப் பாறைகளுக்கு அப்பால் தள்ளியது. தேயிலைச் செடிகளுக்குள் விழுந்தோம். அவளுக்குக் கணுக்கால் முறிந்தது, எனக்குத் தோள். கொழுந்து பறித்த பெண்கள் ஓடிவந்து தூக்கினார்கள்.

எப்படி விழுந்தீர்கள் என்று ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டபோது, "காற்று" என்றேன். பக்கத்துக் கட்டிலில் கிடந்த மெர்சி என்னைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் வீட்டுக்கு வந்து, "உங்கட கெட்டித்தனத்தாலதான் அவ தப்பினவ" என்று புகழ்ந்தபோதும் சொல்லவில்லை. உண்மையைச் சொல்ல வாய் தாரும் என்று கடைசி மூன்று வாரம் ஆண்டவரிடம் அழுதேன்.

நேற்றுக் காலை குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், அவள் ஊன்றுகோலோடு நின்றாள். "நான் பட்டியைப் பாக்கேல்ல. பாத்தனான் எண்டு பொய் சொன்னனான்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "நீங்களாச் சொல்ல வேணும் எண்டுதான் நானும் ஜெபிச்சனான்."

இனி நான் ஆளைக் கட்டினால், பட்டிகளை இன்னொருவர் கைவைத்துப் பார்க்காமல் பறக்கமாட்டேன். குற்றவாளியின் ஜெபத்தையும் ஆண்டவர் கேட்டார். உங்களிடமும் மறைத்த ஒன்று இருந்தால், பயப்படாமல் அவரிடம் போங்கள். ஆராதனை முடிந்ததும் எனக்குக் கை தந்து பாராட்ட வேண்டாம். மெர்சி அந்தக் கடைசிக் கதிரையில் இருக்கிறாள், அவளிடம் போங்கள்.